ராகிக் கூழ் எவ்வளவு கெட்டியா இருக்கணும்? (6 மாசம் முதல் 2 வயசு வரை)

கீழ்பவானி (கோபி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆறு மாசம் முடிஞ்ச குழந்தைக்கு ராகி ஆரம்பிக்கறதுல ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. பாட்டில்ல இறங்கற மாதிரி தண்ணியா காய்ச்சோணும்னு பெரியவங்க சொல்றாங்க. கரண்டியச் சாய்ச்சா ஒழுகக்கூடாதுன்னு அங்கன்வாடியில சொல்றாங்க. மாவு எத்தன ஸ்பூன், தண்ணி எத்தன மில்லி, நாளைக்கு எத்தன நேரம்னு அளவோட சொல்லுங்க. முளைகட்டின மாவுக்கும் கட்டாத மாவுக்கும் நெசமாவே வித்தியாசம் இருக்குதுங்களா, இல்ல விலையில மட்டும்தானா? “குழந்தையோட பசியப் பாத்துக் கொடுங்க”ங்கற பதில் மட்டும் வேண்டாமுங்க.

மாவுமில் (காங்கேயம்)

கெட்டிதானுங்க. அடுப்புப் பத்த வெக்கறதுக்கு முன்னால இந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க.

ராகி மாவு 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி. தலை தட்டின ஒரு டேபிள்ஸ்பூன் (15 மில்லி ஸ்பூன்) மாவு 8 கிராம் சுமாருக்கு நிக்கும். அந்த ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணியில, அதாவது 200 மில்லியில, காய்ச்சினா மொத்தமே 26 கலோரிதான். கொதிச்சு 180 மில்லிக்கு வத்தினாலும் 100 மில்லிக்கு 14. தாய்ப்பால்ல 100 மில்லிக்கு 65-லிருந்து 70 இருக்குது. குழந்தையோட வயித்துக் கொள்ளளவு கிலோவுக்கு 30 மில்லி கணக்கு. 7 கிலோ குழந்தைன்னா 200 மில்லியில வயிறு ரொம்பிப் போகும். ஆக, தண்ணிக் கூழு உள்ள போய் எடத்தப் புடிச்சுக்கிட்டு, தன்னை விட அஞ்சு மடங்கு சத்தான தாய்ப்பாலை வாசல்லயே நிறுத்திப் போடுது. “வயிறு நெறையக் குடிக்குது, எடை மட்டும் ஏற மாட்டேங்குது”ங்கற வீட்டுல மொதல்ல கூழ்ப் போசியத்தான் பாக்கோணும்.

இனி செய்முறை. 3 டேபிள்ஸ்பூன் மாவு, 200 மில்லி தண்ணி. மாவை 50 மில்லி பச்சத்தண்ணியில கட்டியில்லாமக் கரைச்சு வெச்சுக்குங்க. மிச்சம் 150 மில்லி கொதி வந்ததும் கரைசலை ஊத்தி, கைவிடாமக் கிண்டி, சின்னத் தீயில 6, 7 நிமிசம். மாவை நேரா கொதிக்கற தண்ணியில கொட்டினா வெளிய வெந்து உள்ள பச்சையா உருண்டை நிக்கும். அப்பறம் அதை எத்தன கிண்டினாலும் கரையாது, வடிகட்டித் தூக்கித்தான் போடோணும். அதோட பாதி மாவும் போச்சு. வெந்ததுக்கு அடையாளம்: சாம்பல் கலந்த நிறம் போய், கருஞ்செவப்பா மினுமினுங்கும். பச்ச வாசம் இருக்காது. வெரலைத் தண்ணியில நனைச்சுத் தொட்டா ஒட்டாது. எறக்கினதும் ஒரு டீஸ்பூன் நெய், இல்லாட்டி தேங்கா எண்ணெய், கடலெண்ணெய் எதுனாலும். அந்த ஒரு டீஸ்பூன்லயே 40 கலோரி இருக்குது. ஊத்துக்குளி நெய்தான் வேணும்னு தேட வேண்டியதில்லை.

பதம் பாக்கறது கொடுக்கற சூட்டுல. அடுப்புல இருக்கும்போது எல்லாக் கூழும் தண்ணியாத்தான் தெரியும். ஸ்பூனைச் சாய்ச்சா சொட்டுச் சொட்டா விழாம, தயங்கித் தயங்கி ஒரே உருண்டையா விழோணும்.

சிறுவாணி நர்ஸ் (கோவை)

மேலே சொன்ன கெட்டி சரி. வயதுக்கு எவ்வளவு என்பதை நான் சேர்க்கிறேன். 180 நாள் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீரும் வேண்டாம். அதற்குப் பிறகு முதல் வாரம் ஒரு வேளைக்கு 2, 3 டேபிள்ஸ்பூன் கூழ் போனாலே போதும். மாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தை மாற்றாமல் மொத்த அளவை மட்டும் குறையுங்கள். 1 ஸ்பூன் மாவுக்கு 65, 70 மில்லி தண்ணீர். “ஆரம்பம்தானே” என்று தண்ணீரைக் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

6 முதல் 8 மாதம்: நாளைக்கு 2, 3 வேளை. மெல்லக் கூட்டி வேளைக்கு 125 மில்லி வரை. 9 முதல் 11 மாதம்: 3, 4 வேளை, வேளைக்கு 125 மில்லியாவது. 1 முதல் 2 வயது: 3, 4 வேளை, வேளைக்கு 180 முதல் 250 மில்லி, இடையில் ஒன்றிரண்டு சிறுதீனி. தாய்ப்பால் 2 வயதும் அதற்கு மேலும் தொடரலாம். ஒரு 125 மில்லிக் கிண்ணத்தை ஒதுக்கி, எப்போதும் அதிலேயே கொடுத்தால் அளவு மனக்கணக்காக ஆகிவிடும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 6 மாதத்திலிருந்து 1 வயது வரை மொத்தமாகவே ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோதான் ஏறும். முதல் மூன்று மாத வேகத்தை இப்போதும் எதிர்பார்த்து “இளைச்சுப் போச்சு” என்று பதறி டப்பா மாவுக்கு ஓட வேண்டாம். தாய் சேய் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் மாதாமாதம் புள்ளி வையுங்கள். ஒரு மாத எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து கோடு படுத்தே கிடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புச்சி வீடு (தாராபுரம்)

எல்லாஞ் சரிதானுங்க. ஆனா இத்தன கெட்டியாக் கொடுத்தா கொழந்தைக்குத் தொண்டையில அடைக்காதுங்களா? அந்தக் காலத்துல கால் நீட்டிப் படுக்க வெச்சு, ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, சங்குல புகட்டித்தான் வளத்தாங்க. எச்சா ஒரு வாய் உள்ள போகும். ஸ்பூன்ல ஊட்டுனா பாதி மேல, பாதி கீழதான்.

சிறுவாணி நர்ஸ் (கோவை)

ஐயா, சங்கு மேல குற்றம் இல்லைங்க. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலும் பாலாடையில்தான் பால் கொடுப்பார்கள், ஆனால் தலையை உயர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, குழந்தை தானாக உறிஞ்ச விட்டு. படுக்க வைத்து, கையைப் பிடித்து, அழும்போது ஊற்றினால் அழுகைக்கு இழுக்கும் மூச்சோடு கூழும் நுரையீரலுக்குள் போய்விடும். மூக்கைப் பிடித்துப் புகட்டுவது அதைவிட மோசம். அடைப்பு வருவது பெரும்பாலும் கெட்டியால் அல்ல, படுக்க வைத்து ஊற்றுவதால்தான்.

உட்கார வைத்துக் கொடுங்கள். தலை நிற்க வேண்டும், முதுகுக்குச் சாய்மானம் வேண்டும். ஸ்பூனைக் கீழ் உதட்டில் தொட்டால் வாய் தானாகத் திறக்கும். முதல் பத்து நாள் நாக்கால் வெளியே தள்ளும். அது நாக்கின் பழக்கம்தான், “பிடிக்கலை” என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓங்கரிப்பதும் அடைத்துக்கொள்வதும் வேறு வேறு. ஓங்கரிக்கும்போது சத்தம் வரும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும். பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். அடைத்தால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலம் பாயும். 1 வயதுக்குள் என்றால் குப்புற முன்கையில் கிடத்தி, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் 5 அழுத்து. வெளியே வரும் வரை மாற்றி மாற்றி. இன்னொருவர் அதே நேரம் 108-க்குப் போன் போட வேண்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

முளைப்பாரி (உடுமலை)

முளைகட்டறதப் பத்திக் கேட்டதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலைங்களே. வித்தியாசம் இருக்குதுங்க, ஆனா டப்பாவுல எழுதியிருக்கற மாதிரி இல்லை.

ராகி முளைவிடும்போது அமைலேஸ்னு ஒரு நொதி உண்டாகும். வெந்த மாவு தண்ணியக் குடிச்சு வீங்கறதாலதான் கூழு கெட்டியாகுது. இந்த நொதி அந்த மாவுச்சத்தைத் துண்டு துண்டா நறுக்கிப் போடும். அதனால மாவு அளவு குறையாமயே கூழு இளகிடும். கெட்டியாவும் வேணும், தொண்டையிலும் எறங்கோணும்னா இதுதான் வழி.

செஞ்சு பாருங்க. சாதா ராகி மாவு 4 டேபிள்ஸ்பூன் 200 மில்லி தண்ணியில வெச்சா கிட்டத்தட்ட களி மாதிரி நிக்கும், சட்டுவம் நடக்காது. எறக்கி அஞ்சு நிமிசம் ஆற விடுங்க. ஆவி அடங்கி, ஆனா வெரல் வெக்க முடியாத சூடு இருக்கோணும். அப்ப முளைகட்டின ராகி மாவு அரை டீஸ்பூன் தூவிக் கிண்டி மூடி வெச்சிடுங்க. மொதல் நிமிசம் ஒண்ணும் நடக்காத மாதிரித்தான் இருக்கும். அப்பறம் ஓரத்துல இருந்து பளபளன்னு இளகும். பத்து நிமிசத்துல நல்ல மோர்க்குழம்புப் பதத்துக்கு வந்துடும். மறுபடி அடுப்புல வெச்சு ஒரு கொதி. இந்த ரெண்டாவது கொதிய விட்டுடாதீங்க. தூவின மாவு வேகாத பச்ச மாவு. முளைகட்டற ஈரத்துல கிருமியும் சேந்து வளந்திருக்கும்.

தப்பாப் போற எடம் மூணு. கொதிக்கக் கொதிக்கத் தூவினா நொதி செத்துப் போகும், கூழு அப்படியே நிக்கும். கடையில விக்கற முளைகட்டின மாவுல பலதும் வாசத்துக்காக நல்லா வறுத்ததா இருக்கும், அதுலயும் நொதி செத்தாச்சு. அரை ஸ்பூன் போட்டுப் பதினஞ்சு நிமிசமாகியும் இளகலைன்னா வறுத்த மாவுதான்னு தெரிஞ்சுக்கலாம். மூணாவது, முழுக்க முளை மாவுலயே காய்ச்சறவங்க. அவங்களுக்கு 3 ஸ்பூன் போட்டாலும் தண்ணியாத்தான் தெரியும். அப்ப 5 ஸ்பூன் போடோணும். மாவுமில் அண்ணன் சொன்ன “உருண்டையா விழோணும்”ங்கற பரிட்சை இந்தக் கூழுக்குப் பொருந்தாதுங்க. இதுக்கு ஸ்பூன் எண்ணிக்கைதான் கணக்கு.

மாவுமில் (காங்கேயம்)

ஆமாங்க அம்மிணி, அதை நானும் சொல்லியிருக்கோணும். சாதா மாவுக்குத்தான் சாய்ச்சுப் பாக்கறது.

கீழ்பவானி (கோபி)

வீட்டுலயே முளைகட்டி மாவு எடுக்கற வெவரம் போடுங்க. ஒரு கிலோ கணக்குல.

முளைப்பாரி (உடுமலை)

தூவறதுக்கு மட்டும்னா ஒரு கிலோவெல்லாம் வேண்டாமுங்க, கால் கிலோ போட்டாலே ரெண்டு மாசம் வரும். மொதல்ல கல்லு அரிக்கோணும். ராகியில மணலு கலந்திருந்தா கண்ணுக்குத் தெரியாது. அகலமான குண்டாவுல தண்ணி ஊத்தி, கையால சுத்தி, மேல மெதக்கற ராகிய மட்டும் சாய்ச்சுச் சாய்ச்சு வேற குண்டாவுக்கு எடுத்தா மணலு அடியில நின்னுக்கும். மூணு தடவை செய்யுங்க. 8 மணி நேரம் ஊறோணும், நடுவுல ஒருக்காத் தண்ணி மாத்திடுங்க. வடிச்சு அரை மணி நேரம் சல்லடையிலயே விட்டுட்டு, ஈர வேட்டித்துணியில தளர்வாக் கட்டுங்க. இறுக்கிக் கட்டினா மூட்டை நடுவுல சூடேறிப் புளிச்ச வாசம் வந்துடும். 24-லிருந்து 36 மணி நேரத்துல வெள்ளையா அரை சென்டிமீட்டர் வேர் வந்தாப் போதும். அதுக்கு மேல விட்டா கசப்பு ஏறும். பிசுபிசுன்னு நூல் கட்டினாலோ, கருப்பா பச்சையா புள்ளி தெரிஞ்சாலோ அந்த எடத்த மட்டும் பொறுக்கிப் போட்டுட்டு மிச்சத்த வெச்சுக்கலாம்னு நெனைக்காதீங்க, மொத்தத்தையும் மாட்டுத்தொட்டிக்குக் கூட ஊத்த வேண்டாம், குப்பைக்குத்தான்.

காய வெக்கறதுலதான் நம்ம ஊருக்குன்னு ஒரு தொந்தரவு இருக்குது. ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மொட்டை மாடியில எதையும் நிக்க விடாது, மண்ணையும் அள்ளிப் போட்டுடும். மார்கழிப் பனியில ரெண்டு நாளானாலும் உள்ளீரம் போகாது. வீட்டுக்குள்ள ஃபேனுக்குக் கீழ துணி விரிச்சு ஒரு நாள், அப்பறம் இளவெயில்ல ரெண்டு மணி நேரம். பல்லுல கடிச்சா ‘டக்’னு உடையோணும். மசிஞ்சா ஈரமிருக்குது. ரெண்டு கையிலயும் வெச்சுக் கசக்கினா வேரெல்லாம் உதிரும், முறத்துல பொடைச்சு எடுத்துடுங்க. கசப்பு பெரும்பாலும் அந்த வேர்லதான். வறுக்க வேண்டாம். மிக்ஸியில விட்டு விட்டு அரைச்சு, சலிச்சு, ஆற வெச்சு, ஃபிரிட்ஜுல வையுங்க.

அப்புச்சி வீடு (தாராபுரம்)

சோளத்தையும் இப்புடியே முளை கட்டலாமுங்களா? எங்க பக்கம் ராகிய விடச் சோளந்தான் எச்சு.

முளைப்பாரி (உடுமலை)

வேண்டாமுங்க ஐயா. எளம் சோளப்பயிரு மேஞ்சா மாட்டுக்கு விஷம்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சயனைடு வெச்சிருக்கற பொருள் முளைவிடற சோளத்துலயும் உண்டாகுது. காஞ்ச சோளமணியில பயமில்லை. அதை மாவாக்கிக் கூழு காய்ச்சலாம், சோறும் ஆக்கலாம். முளைகட்டறது ராகி, கம்பு, பச்சைப்பயிறோட நிறுத்திக்குங்க.

அப்புச்சி வீடு (தாராபுரம்)

அட, நல்ல ரோசனைங்க. சோளத்தட்டுக்குச் சொல்றது முளைகட்டின மணிக்கும் வரும்னு நெனைக்கலை.

தறிச்சத்தம் (சோமனூர்)

இருபத்தேழு பொருள் போட்ட சத்துமாவுன்னு ஒண்ணு விக்கறாங்களே, அதப் பத்தி? ராகி, கம்பு, தினை, சாமை, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம், ஜவ்வரிசி, ஏலக்காய்னு பட்டியல் டப்பா முழுக்க ஓடுது.

மாவுமில் (காங்கேயம்)

எண்ணிக்கைய விடுங்க, விகிதத்தப் பாருங்க. தானியம் 3 பங்கு, பருப்பு 1 பங்கு இருந்தா போதும். தானியப் புரதத்துல கொறையற லைசின்ங்கற புரதக்கூறு பருப்புல இருக்குது, பருப்புல கொறையறது தானியத்துல இருக்குது. ராகி 300 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 100 கிராம். இவ்வளவுதான். இருபத்தேழு போடும்போது ஒவ்வொண்ணும் ஒரு கைப்புடிதான் விழும். அதுல பாதாம் இருந்தென்ன, இல்லாட்டி என்ன? ஜவ்வரிசி வெறும் மாவு, எடையும் வெளுப்பும் கூட்டத்தான். இன்னொரு சங்கடம், குழந்தைக்கு உடம்புல தடிப்பு வந்தா இருபத்தேழுல எதுனாலன்னு யாரும் கண்டுபுடிக்க முடியாது. புதுசா ஒரு பொருளச் சேத்தா மூணு நாளு அதையே கொடுத்துப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க.

நிலக்கடலை சேக்கறதுன்னா மாவோட அரைக்காதீங்க. எண்ணெய் விட்டு ரெண்டு வாரத்துல சிக்கு வாசம் அடிக்கும், மொத்த மாவும் கெடும். தனியா வறுத்து, தோல் பொடைச்சு, சுருங்கினது, கருத்தது, பூசணம் புடிச்சது எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டு, வாரத்துக்கு ஆகற அளவு மட்டும் நைசாப் பொடிச்சு வெச்சுக்கிட்டு, வெந்த கூழுல ஒரு டீஸ்பூன் கலக்கறது. முழுக் கடலை 5 வயசு வரைக்கும் கையில கொடுக்கக்கூடாது. பொட்டுக்கடலை, பொரி, முழுத் திராட்சை, தேங்காச் சில்லு, பச்சைக் கேரட்டுத் துண்டு எல்லாத்துக்கும் இதே கண்டிப்புதான்.

மில்லுல அரைக்கக் கொடுக்கும்போது ரெண்டு சங்கதி. உங்களுக்கு முன்னால மிஷின்ல என்ன ஓடுச்சுன்னு கேளுங்க. மொளகாயோ மல்லியோ ஓடியிருந்தா அரைக் கிலோ அரிசிய விட்டு ஓட்டித் தள்ளிட்டுத்தான் உங்களுது போடோணும். நாங்களா சொல்லமாட்டோம், கேட்டாச் செய்வோம். அடுத்தது, மாவு சுடச்சுட வெளிய வரும். அப்படியே டப்பாவுல அடைச்சா மூடிக்கு உள்பக்கம் வேர்த்து, அந்த ஈரத்துலயே கட்டி கட்டிப் பூசணம் புடிக்கும். வீட்டுக்குப் போனதும் பேப்பர்ல விரிச்சு ஒரு மணி நேரம் ஆற விடுங்க. பேப்பருன்னா எழுத்தில்லாத பேப்பரு, அச்சு மை மாவுல ஏறும்.

அங்கன்வாடியில கொடுக்கற சத்துமாவுல வெல்லம் கலந்திருக்குதுங்க. அதுல மேக்கொண்டு சர்க்கரை போட வேண்டாம்.

சிறுவாணி நர்ஸ் (கோவை)

சர்க்கரை பற்றி வந்ததால்: 1 வயது வரை சர்க்கரை, உப்பு இரண்டும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் இதே கணக்கில்தான் வரும். இரும்புச்சத்துக்காகக் கருப்பட்டி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தேன் 1 வயது வரை நாக்கில் தொட்டும் வைக்கக்கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் விதை பெரியவர் குடலில் ஒன்றும் செய்யாது, கைக்குழந்தை குடலில் முளைத்து நஞ்சு விடும், உடம்பு துவண்டுவிடும். காய்ச்சினாலும் அந்த விதை சாகாது.

ராகியை எல்லாரும் கொண்டாடுகிறீர்கள். கால்சியத்துக்குச் சரி, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஆனால் இரும்புச்சத்துக்கு அதை நம்பி உட்காராதீர்கள். வயிற்றில் இருக்கும்போது சேர்த்து வைத்த இரும்புச்சத்து 6 மாதத்தோடு தீரத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் அது குறைவு. ராகியில் உள்ள டானின், பைட்டேட் இரண்டும் இருக்கிற இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினால் கொஞ்சம் விடும். கூழோடு கொய்யா மசியல், தக்காளி, இரண்டு சொட்டு எலுமிச்சை சேர்த்தால் இன்னும் கொஞ்சம் விடும்.

முட்டை 6 மாதம் முடிந்ததிலிருந்தே கொடுக்கலாம், வெள்ளைக்கருவும் சேர்த்து, முழுக்க வெந்ததாக. கால் முட்டையில் ஆரம்பியுங்கள். அசைவம் சாப்பிடும் வீட்டில் வாரம் ஒரு முறை கோழி ஈரல் அல்லது ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்), ஒரு டேபிள்ஸ்பூன் அளவு, நன்றாக வேக வைத்து மசித்து. சூப்பு வைத்துத் தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டுக் கறியைப் பெரியவர்கள் சாப்பிட்டால் சத்து பெரியவர்களுக்குத்தான் போகும்.

இரும்புச்சத்து சிரப் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் 2 முறை, 1 மில்லி (20 மில்லிகிராம் இரும்பு, 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்). கிராமச் செவிலியரிடம் கிடைக்கும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். காய்ச்சல், பேதி இருக்கும் நாள்களில் நிறுத்தி வையுங்கள். பாட்டிலைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருப்பதால் மூத்த குழந்தை மொத்தமாகக் குடித்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்து.

வைட்டமின் டி சொட்டு மருந்து முதல் வயதில் நாளைக்கு 400 யூனிட். ஒரு மில்லியில் 400 உள்ளதும் விற்கிறது, 800 உள்ளதும் விற்கிறது. பாட்டில் மாறும்போது லேபிளைப் படித்துவிட்டு அளவெடுங்கள்.

தறிச்சத்தம் (சோமனூர்)

பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போறவங்க வீட்டுல எட்டு மணிக்குக் கெளம்பினா பொழுதோடதான் வருவாங்க. கொழந்தைய அம்மாயியோ அப்பத்தாவோ பாத்துக்குவாங்க. விடியால காய்ச்சி ஃபிளாஸ்க்குல ஊத்தி வெச்சுட்டுப் போறதுதான் வழக்கம். அது சரிங்களா?

சிறுவாணி நர்ஸ் (கோவை)

ஃபிளாஸ்க் வேண்டவே வேண்டாம். நேரம் ஆக ஆக இளஞ்சூட்டுக்கு வந்துவிடும், அந்தச் சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும். கூழு அதற்கு நல்ல தீனி. சமைத்தது வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்யலாம். ஒரு வேளைக்கு ஆகும் மாவை 3 ஸ்பூன் அளந்து சின்ன டப்பாக்களில் போட்டு வைத்துவிடுங்கள். பக்கத்தில் 200 மில்லிக்குக் கோடு போட்ட டம்ளர். பார்த்துக்கொள்கிறவர்கள் அளவை நினைவு வைக்க வேண்டியதில்லை, தண்ணீரைக் கூட்டிவிடவும் முடியாது. பத்து நிமிட வேலை. பருப்பு, காய் மட்டும் காலையிலேயே வேக வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, எடுத்ததும் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம், ஒரு முறை மட்டும். குழந்தை வாய் வைத்த ஸ்பூன் விழுந்த மீதி எதுவும் அடுத்த வேளைக்கு ஆகாது.

பாட்டில் பழக்கத்தை ஆரம்பிக்காதீர்கள். கூழை பாட்டிலில் கொடுப்பதற்காகவே நிப்பிளில் ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்குகிறார்கள், அந்த ஓரத்தில் ஒட்டுவதை எந்தப் பிரஷ்ஷும் எடுக்காது.

கீழ்பவானி (கோபி)

ராகி ஆரம்பிச்சதும் மலம் கட்டிக்குதே, அதுக்கு?

முளைப்பாரி (உடுமலை)

மொதல்ல தண்ணி கொடுக்கறாங்களான்னு பாருங்க. கெட்டிச் சாப்பாடு ஆரம்பிச்சா கூடவே கொதிச்சு ஆறின தண்ணி நாளைக்கு நூறு, நூத்தைம்பது மில்லி, கொஞ்சங் கொஞ்சமா. சாப்பாட்டுக்கு முன்னால வேண்டாம், வயிறு ரொம்பிடும். காஞ்ச திராட்சை பத்து, ராத்திரி ஊற வெச்சு விடியால அதே தண்ணியில நசுக்கி வடிச்சுக் கொடுங்க. பழுத்த பப்பாளி மசிச்சு ரெண்டு ஸ்பூன். வாழைப்பழம் நல்லாப் பழுத்துப் புள்ளி விழுந்ததாப் பாருங்க. செங்காயாக் கொடுத்தா அதுவே கட்டும்.

வெத்தலைக் காம்பு, சோப்புத் துண்டு வெக்கறது, விளக்கெண்ணெய் புகட்டறது மூணும் வேண்டாம். மலம் மொழுக்குனு இருந்து ரெண்டு நாளைக்கு ஒருக்காப் போனா அது மலச்சிக்கலே இல்லைங்க. ஆட்டுப்புழுக்கை மாதிரி கெட்டியா, அழுதுக்கிட்டுப் போனாத்தான் சிக்கல். ரத்தம் பட்டாலோ வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ டாக்டர்.

1 வயசுக்கு மேல இருக்கறதுக்கு இன்னொரு காரணம் பாலு. வீட்டுல மாடு இருக்குதுன்னு நாளைக்கு ஒரு லிட்டர் கறந்த பால் ஊத்தினா பசியும் போகும், மலமும் கட்டும், ரத்தமும் கொறையும். 400-லிருந்து 500 மில்லியோட நிறுத்துங்க. 1 வயசுக்குள்ள மாட்டுப்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலா ஊத்தவே கூடாது.

தறிச்சத்தம் (சோமனூர்)

பேதி வந்தா கூழ நிறுத்தோணுமா?

சிறுவாணி நர்ஸ் (கோவை)

நிறுத்தக்கூடாது. தாய்ப்பாலும் கூழும் தொடரட்டும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. ஓஆர்எஸ் பாக்கெட்டில் 1 லிட்டருக்கு என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் 1 லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று பிரித்துப் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும், இரண்டுமே கெடுதல். ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனில். துத்தநாகம் (ஜிங்க்) நாளைக்கு 20 மில்லிகிராம் 14 நாள், பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். கண் குழி விழுந்து, துவண்டு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். குணமான பின் 2 வாரத்துக்கு நாளைக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும்.

அப்புச்சி வீடு (தாராபுரம்)

நம்மூரு அரிசியும் பருப்பும் சாதம் எப்ப ஆரம்பிக்கலாமுங்க?

மாவுமில் (காங்கேயம்)

எட்டு மாசத்துல தாராளமா. அரிசி 3 டேபிள்ஸ்பூன், துவரம்பருப்பு 1, சின்ன வெங்காயம் ரெண்டு, பூண்டு ஒரு பல்லு, சீரகம், மஞ்சள் ஒரு சிட்டிகை, ஒரு கை எளம் முருங்கைக்கீரை, 250 மில்லி தண்ணி. வீட்டுக்கு ஆக்கற சாதத்துல தாளிப்பும் மொளகாயும் உப்பும் மொதல்லயே விழுந்துடுதுங்களே, அதனால குழந்தைக்குத் தனியா எடுக்க முடியாது. குக்கருக்குள்ள சாதத்துக்கு மேலயே ஒரு சின்னப் போசிய மூடி வெச்சுடுங்க, ஒரே வேக்காட்டுல ரெண்டும் ஆகும். அஞ்சு விசில்.

பருப்பு மசியலைன்னா பருப்பக் கொறை சொல்லாதீங்க, போர்த் தண்ணியாத்தான் இருக்கும். உப்பு எச்சா இருக்கற தண்ணியில கால்சியம் பருப்பை இறுக்கிப் போடும், பத்து விசில் விட்டாலும் நடு பருக்கையா நிக்கும். ஆத்துத் தண்ணியோ, ஆர்ஓ தண்ணியோ ஊத்தினா அதே பருப்பு நாலு விசில்ல கொழையும். ரெண்டு மணி நேரம் அந்தத் தண்ணியிலயே ஊறினா இன்னும் நல்லது.

மிக்ஸியில போடாதீங்க, கரண்டி அடியில மசிச்சாப் போதும். 9, 10 மாசத்துக்குள்ள பருக்கை பருக்கையா மெல்லப் பழகலைன்னா அப்பறம் ரெண்டு வயசுலயும் அரைச்சு ஊத்தினாத்தான் உண்டுன்னு அடம் புடிக்கும். 1 வயசுல எல்லாரும் சாப்பிடறதையே, காரம் கொறைச்சு, தனி வட்டல்ல போட்டு உங்க கூட உக்கார வெச்சுடுங்க. இருபது, முப்பது நிமிசத்துல முடிச்சுடோணும். மொபைல்ல பாட்டுப் போட்டு வாயத் தொறக்க வெச்சா எத்தன வாய் போச்சுன்னு குழந்தைக்கும் தெரியாது, ஊட்டறவங்களுக்கும் தெரியாது.

கீழ்பவானி (கோபி)

அளவு எல்லாம் எழுதி எடுத்துக்கிட்டனுங்க. கடைசியா ஒண்ணு, சந்தகை (இடியாப்பம் மாதிரி புழியறது) எப்பக் கொடுக்கலாமுங்க?

முளைப்பாரி (உடுமலை)

ஒம்பது மாசத்துக்கு மேல. புழிஞ்சு ஆறினா நூலு ரப்பர் மாதிரி ஆயிடும், அதனால சூடாறும் முன்னாலயே கத்தரியில அரை அங்குலமா நறுக்கிடுங்க. முழு நீளமா விட்டா பாதி தொண்டையிலும் பாதி வாயிலும் நின்னு ஓங்கரிக்கும். சர்க்கரை போடாத தேங்காப்பால்ல ஊற வெச்சு, விரல்ல அழுத்தினா மசியற பதத்துல கொடுங்க. எலுமிச்சைச் சந்தகை, எள்ளுப்பொடிச் சந்தகையெல்லாம் 1 வயசுக்கு மேல, மொளகாயும் தாளிச்ச கடலைப்பருப்பும் பொறுக்கிட்டு.